ரெட்மைன் டிக்கெட்டுகளை ரூபி வழியாக எடுக்கும்போது சில மட்டும் விடுபடுவது ஏன்?

1. திசைகாட்டி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவின் வேலைகள் முழுவதும் ரெட்மைன் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளில் டிக்கெட்டுகளாகப் பதிவாகின்றன. வாரத்துக்கு ஒரு முறை அவற்றை எடுத்து, யாரிடம் எத்தனை நிலுவையில் உள்ளன என்று ஓர் அறிக்கை தயாரிக்க ரூபியில் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். அதே நிரல் இன்னொரு வேலையையும் செய்கிறது: ‘தீர்ந்தது’ என்ற நிலையில் 14 நாட்களாக யாரும் தொடாமல் கிடக்கும் டிக்கெட்டுகளை ஒரு குறிப்பு எழுதி மூடிவிடுகிறது. ரெட்மைனின் ஏபிஐயுடன் (பிற நிரல்கள் அதனோடு தொடர்புகொள்ளும் வாயில்) பேசுவதற்கு ஆக்டிவ்ரிசோர்ஸ் என்ற ஜெம்மை (ரூபி நூலகத்தை) பயன்படுத்துகிறேன். ‘இஷ்யூ’ என்று ஒரு கிளாஸ் எழுதி, சர்வரின் முகவரியையும் ஏபிஐ சாவியையும் கொடுத்துவிட்டால் போதும், தரவுத்தளத்தில் இருக்கும் பொருளைக் கையாள்வது போலவே டிக்கெட்டைக் கையாளலாம் என்பதுதான் என்னை ஈர்த்தது.

இப்போது நான்கு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, எல்லாவற்றையும் கேட்டால் 25 டிக்கெட்டுகள்தான் வருகின்றன. லிமிட்டை (ஒரு முறைக்கு எத்தனை என்ற எண்) 500 என்று கொடுத்தால் 100 வருகின்றன. இரண்டாவது, பொறுப்பாளரின் பெயரைக் கேட்கும் வரியில் சில டிக்கெட்டுகளுக்கு மட்டும் ‘அப்படியொரு மெத்தட் இல்லை’ என்று நிரல் நின்றுவிடுகிறது. மூன்றாவது, நூறு நூறாகப் பக்கம் பிரித்து எடுக்கும்படி மாற்றிய பிறகும் அறிக்கையில் சில டிக்கெட்டுகள் விடுபடுகின்றன. எவை விடுபடுகின்றன என்பது ஒவ்வொரு வாரமும் மாறுகிறது. நான்காவதுதான் என்னை மிகவும் சங்கடப்படுத்துகிறது. தாம் திருத்தி எழுதிய விவரணை பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டது என்று சக பணியாளர் ஒருவர் சொன்னார். அந்த நேரத்தில் அந்த டிக்கெட்டைத் தொட்டது என் நிரல் மட்டுமே. எங்கே தவறு செய்கிறேன் என்று காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2. மணற்கேணி

முதல் இரண்டுக்கும் விடை எளிது என்பதால் அவற்றை முடித்துவிடுகிறேன்.

ரெட்மைன் ஒரு பட்டியலைத் தரும்போது, லிமிட் எதுவும் சொல்லாவிட்டால் 25 பதிவுகளைத் தரும். எவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டாலும் 100-க்கு மேல் தராது. 500 என்று கேட்டதைப் பிழையாகச் சொல்லாமல் 100 ஆகச் சுருக்கிக்கொள்ளும். எனவே ஆஃப்செட்டை (தொடக்கத்தில் எத்தனை பதிவுகளை விடவேண்டும் என்ற எண்) 0, 100, 200 என்று நகர்த்திக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை. இதையொட்டி நீங்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. நிலை எது என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால் ரெட்மைன் திறந்திருக்கும் டிக்கெட்டுகளை மட்டுமே தருகிறது. மூடியவையும் வேண்டுமென்றால் ‘ஸ்டேட்டஸ்_ஐடி’ என்ற பாராமீட்டருக்கு நட்சத்திரக் குறியை மதிப்பாகக் கொடுக்கவேண்டும். நீங்கள் ‘எல்லாவற்றையும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இதைக் கவனித்திருக்கமாட்டீர்கள் என்று தோன்றுகிறது.

பொறுப்பாளர் விஷயத்தில், யாருக்கும் ஒதுக்கப்படாத டிக்கெட்டில் ‘அசைன்ட்_டூ’ என்ற பண்பையே ரெட்மைன் அனுப்புவதில்லை. வெற்று மதிப்புடன் அனுப்பாமல் பண்பையே விட்டுவிடுகிறது. ஆக்டிவ்ரிசோர்ஸோ, சர்வரிடமிருந்து வந்த பண்புகளைக் கொண்டுதான் தன் மெத்தட்களை உருவாக்கிக்கொள்கிறது. வராத பண்புக்கு மெத்தட் இல்லை, ஆகவே நோமெத்தட்எரர் எழுகிறது. பொருளின் ‘ஆட்ரிபியூட்ஸ்’ ஹேஷிலிருந்து (பெயரும் மதிப்பும் இணைந்த தொகுப்பு) அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பண்பு இல்லையென்றால் ‘நில்’ என்ற வெற்று மதிப்பு வரும், நிரல் நிற்காது.

3. திசைகாட்டி

மிக்க நன்றி. பொறுப்பாளர் சிக்கல் தீர்ந்துவிட்டது. திறந்தவை மட்டுமே வருகின்றன என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு வேண்டியவையும் திறந்தவைதான், ஏனென்றால் எங்கள் அமைப்பில் ‘தீர்ந்தது’ என்பது இன்னும் மூடப்படாத நிலைகளுள் ஒன்று. ஆகவே அதனால் டிக்கெட்டுகள் விடுபட்டிருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். லூப்பைப் பல முறை சரிபார்த்துவிட்டேன். ஆஃப்செட் சரியாக நூறு நூறாகக் கூடுகிறது. ஒரு பக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக வந்தால் லூப் நிற்கிறது. சென்ற வாரம் விடுபட்ட டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எண் கொடுத்துக் கேட்டால் ஒழுங்காக வருகின்றன. அதனால் அனுமதிச் சிக்கலும் இல்லை.

4. ஒற்றையடி

லூப்பில் தவறில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் மொத்தம் எத்தனை டிக்கெட்டுகள் இருப்பதாக ரெட்மைன் சொல்கிறது என்பதைப் பார்த்தீர்களா? பட்டியலோடு ‘டோட்டல்_கவுண்ட்’, ‘ஆஃப்செட்’, ‘லிமிட்’ என்று மூன்று எண்களும் வரும். அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டு இங்கே பகிருங்கள். அதைப் பார்க்காமல் ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நீங்கள் தரவை எக்ஸ்எம்எல் வடிவத்தில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாகப் புழங்கும் எடுத்துக்காட்டுகள் அப்படித்தான் இருக்கின்றன, அதற்குக் காரணமும் உண்டு. ஜேசான் என்ற மற்றொரு தரவு வடிவத்தில் ரெட்மைனின் பட்டியல் நான்கு சாவிகள் கொண்ட ஒரு ஹேஷாக வருகிறது: டிக்கெட்டுகள் ஒன்று, மேலே சொன்ன எண்கள் மூன்று. ஆக்டிவ்ரிசோர்ஸ் ஒரே ஒரு சாவி இருந்தால்தான் அந்த மேலுறையைக் கழற்றும். நான்கு இருந்தால் அப்படியே விட்டுவிடும், பிறகு பட்டியலை எதிர்பார்க்கும் இடத்தில் ஹேஷ் வந்து குழம்பிவிடும். எக்ஸ்எம்எல்லில் அந்த எண்கள் வெளி டேக்கின் பண்புகளாக இருப்பதால், அதை அணியாக (வரிசைப் பட்டியலாக) மாற்றும்போது அவை கழன்று விழுந்துவிடுகின்றன. பட்டியல் ஒழுங்காக வருகிறது. ஆனால் மொத்த எண்ணிக்கை உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உங்கள் தேடலுக்கு மிகவும் தேவையான எண் அதுதான்.

செய்யவேண்டியது இது. வடிவத்தை ஜேசானுக்கு மாற்றுங்கள். ‘ஆக்டிவ்ரிசோர்ஸ் கலெக்ஷன்’ கிளாஸிலிருந்து ஒரு கிளாஸைப் பெறுங்கள். அதன் இனிஷியலைஸ் மெத்தட்டில், வரும் ஹேஷிலிருந்து ‘இஷ்யூஸ்’ என்ற சாவியின் மதிப்பை உறுப்புகளாகவும் ‘டோட்டல்_கவுண்ட்’ மதிப்பைத் தனி மாறியாகவும் எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் இஷ்யூ கிளாஸில் ‘கலெக்ஷன்_பார்ஸர்’ என்ற அமைப்புக்கு இந்தப் புதிய கிளாஸைக் கொடுங்கள். ஏறக்குறைய பத்து வரிகள்தான். ஜேசானுக்கு மாறும்போது ‘இன்க்ளூட்_ரூட்_இன்_ஜேசான்’ என்பதை ட்ரூ என்று வைக்க மறக்கவேண்டாம். ரெட்மைன் தனக்கு வரும் தரவு ‘இஷ்யூ’ என்ற உறைக்குள் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆக்டிவ்ரிசோர்ஸோ இயல்பாக உறையில்லாமல்தான் அனுப்பும்.

5. திசைகாட்டி

நீங்கள் சொன்னபடி மாற்றி, மூடும் வேலையையும் சேர்த்து இன்று ஓடவிட்டேன். கிடைத்த எண்கள் இவை. ஆஃப்செட் 0 எனும்போது மொத்தம் 412, வந்தவை 100. ஆஃப்செட் 100 எனும்போது மொத்தம் 405, வந்தவை 100. ஆஃப்செட் 200 எனும்போது மொத்தம் 401, வந்தவை 100. ஆஃப்செட் 300 எனும்போது மொத்தம் 398, வந்தவை 98. அத்துடன் லூப் நின்றது. ஆக 412 இருந்த இடத்தில் என் கைக்கு வந்தவை 398. மொத்தம் ஏன் குறைந்துகொண்டே போகிறது? ஓடி முடிக்க இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் 14 டிக்கெட்டுகளை யார் மூடியிருப்பார்கள்?

6. ஒற்றையடி

உங்கள் நிரல்தான் மூடியது.

முதல் பக்கத்தை எடுத்ததும் அதிலுள்ள 100 டிக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, 14 நாள் கடந்தவற்றை அங்கேயே மூடுகிறீர்கள். 412 என்பது 405 ஆனதிலிருந்து முதல் பக்கத்தில் 7 மூடப்பட்டன என்று தெரிகிறது. மூடிய மறுகணமே அந்த 7 டிக்கெட்டுகளும் ‘திறந்தவை’ என்ற பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகின்றன. பட்டியலில் அவற்றுக்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஏழு இடம் முன்னே நகர்கின்றன. முன்பு 101-ஆம் இடத்தில் இருந்த டிக்கெட் இப்போது 94-ஆம் இடத்தில் இருக்கிறது. 107-ஆம் இடத்தில் இருந்தது 100-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. நீங்களோ முதல் நூறை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து கொடு என்று கேட்கிறீர்கள். ரெட்மைன் கேட்டதைச் சரியாகவே தருகிறது. அதன் கணக்கில் 101-ஆவது என்பது பழைய கணக்கில் 108-ஆவது. இடையில் இருந்த ஏழும் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. இரண்டாம் பக்கத்தில் 4, மூன்றாம் பக்கத்தில் 3 என்று இதுவே தொடர்கிறது. 7, 4, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 14. விடுபட்டவையும் 14.

ஒவ்வொரு வாரமும் வேறு டிக்கெட்டுகள் விடுபடுவதற்கும் இதுவே காரணம். எந்தப் பக்கத்தில் எத்தனை மூடப்படுகின்றன என்பதைப் பொறுத்து விடுபடும் இடம் மாறும். கடைசிப் பக்கத்தில் மூடப்படுபவை எதையும் பாதிக்காது, ஏனென்றால் அவற்றுக்குப் பின் பக்கம் இல்லை.

தீர்வு, படிப்பதையும் எழுதுவதையும் ஒரே லூப்பில் கலக்காமல் இருப்பது. முதல் சுற்றில் எல்லாப் பக்கங்களையும் எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூடவேண்டியவற்றின் எண்களை ஓர் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிறகே இரண்டாம் சுற்றில் அந்த அணியைக் கொண்டு மூடுங்கள். நானூறு டிக்கெட்டுகளை நினைவகத்தில் வைப்பது ஒரு பொருட்டே இல்லை.

இதைச் செய்தாலும் வேறு மனிதர்கள் அதே நேரத்தில் டிக்கெட்டுகளை மூடிக்கொண்டிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. அதற்கு இரண்டு பாதுகாப்புகள் வைக்கலாம். பட்டியலை எண் வரிசையில் ஏறுமுகமாக வரும்படி ‘சார்ட்’ பாராமீட்டருக்கு ‘ஐடி’ என்று கொடுங்கள்; புதிதாகச் சேரும் டிக்கெட்டுகள் கடைசியில் போய் நிற்கும், நடுவில் நுழைந்து பக்கங்களைக் குலைக்காது. அத்துடன் நட்சத்திரக் குறி கொடுத்து மூடியவற்றையும் சேர்த்தே வாங்கி, திறந்தவை எவை என்பதை உங்கள் நிரலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு டிக்கெட் மூடப்படுவதால் பட்டியலின் நீளம் மாறாது. அது அழிக்கப்பட்டாலோ நீங்கள் பார்க்க முடியாத இடத்துக்கு மாற்றப்பட்டாலோ மட்டுமே மாறும். முதல் பக்கத்தின் மொத்தமும் கடைசிப் பக்கத்தின் மொத்தமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, மாறியிருந்தால் முதலிலிருந்து மீண்டும் எடுங்கள்.

7. கருங்கல்

ஒற்றையடி அவர்களின் விளக்கம் மிகத் தெளிவு. நான் நான்காவது சிக்கலுக்கு வருகிறேன். சக பணியாளரின் விவரணை பழையதாகத் திரும்பியதற்கு ரெட்மைன் காரணமல்ல; ஆக்டிவ்ரிசோர்ஸின் ‘சேவ்’ மெத்தட் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ரெயில்ஸ் என்ற ரூபி வலைச்சட்டகத்தில், தரவுத்தளத்தைக் கையாளும் ஆக்டிவ்ரெக்கார்டைப் பழகியவர்கள், ஒரு பொருளில் ஒரு பண்பை மாற்றிச் சேமித்தால் மாறிய பண்பு மட்டுமே எழுதப்படும் என்று இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆக்டிவ்ரிசோர்ஸ் அப்படியல்ல. அது எது மாறியது என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. சேவ் என்று சொன்னால் தன்னிடம் இருக்கும் எல்லாப் பண்புகளையும் திரட்டி முழுமையாக ஒரு புட் கோரிக்கையில் (இருப்பதை மாற்றச் சொல்வது) அனுப்பிவிடும். ‘அப்டேட்_ஆட்ரிபியூட்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து அது சிலவற்றை மட்டும் அனுப்பும் என்று நினைக்கவேண்டாம். அதுவும் புதிய மதிப்புகளை ஏற்றிவிட்டு இதே ‘சேவ்’ மெத்தட்டைத்தான் அழைக்கிறது.

உங்கள் நிரலின் போக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். பக்கத்தை எடுத்த நொடியில் தலைப்பு, விவரணை, முடிவு நாள், முன்னேற்றச் சதவீதம் என எல்லாம் உங்கள் பொருளுக்குள் வந்துவிட்டன. நூறு டிக்கெட்டுகளை வரிசையாகக் கையாண்டு அந்தக் குறிப்பிட்ட டிக்கெட்டுக்கு வருவதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் சக பணியாளர் உலாவியில் விவரணையைத் திருத்திச் சேமித்துவிட்டார். அடுத்து உங்கள் நிரல் நிலையை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு சேவ் செய்கிறது. ஒரு நிமிடம் பழையதான விவரணையும் சேர்ந்து போகிறது. ரெட்மைனின் பார்வையில், நீங்கள் விவரணையையும் மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அது சொன்னபடி செய்தது. இரண்டு சுற்றாகப் பிரித்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும் என்பதால், ஒற்றையடி சொன்ன மாற்றத்தோடு இதையும் சேர்த்துச் செய்வது கட்டாயமாகிறது.

எடுத்த பொருளை அப்படியே சேமிக்காதீர்கள். டிக்கெட்டின் எண், புதிய ‘ஸ்டேட்டஸ்_ஐடி’, ‘நோட்ஸ்’ ஆகிய மூன்றை மட்டும் கொண்ட ஒரு புதிய இஷ்யூ பொருளை உருவாக்குங்கள். நியூ மெத்தட்டின் இரண்டாவது மதிப்பாக ட்ரூ என்று கொடுங்கள். ‘இது சர்வரில் ஏற்கெனவே இருக்கும் பொருள்’ என்று அதற்குப் பொருள். பிறகு சேவ் செய்தால், புதிதாக உருவாக்கும் போஸ்ட்டுக்குப் பதிலாகப் புட் போகும், அதில் இந்த மூன்று மட்டுமே இருக்கும். விவரணை அங்கே இல்லாததால் யாருடைய திருத்தமும் அழியாது. நிலையை மாற்றும்போது ‘ஸ்டேட்டஸ்’ என்ற உள்பொருளை மாற்றுவது பயன் தராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். படிக்கும்போது எண்ணும் பெயரும் கொண்ட பொருளாக வருவது, எழுதும்போது ‘ஸ்டேட்டஸ்_ஐடி’ என்ற தனி எண்ணாகத்தான் போகவேண்டும்.

உங்கள் சக பணியாளரின் எழுத்து தொலைந்துபோகவில்லை. விவரணை மாறும் ஒவ்வொரு முறையும் ரெட்மைன் பழையதையும் புதியதையும் வரலாற்றில் பதிவு செய்கிறது. அந்த டிக்கெட்டின் வரலாற்றுக்குப் போய் வேறுபாட்டைப் பார்த்தால் அவர் எழுதியதை மீட்கலாம்.

8. பனைநிழல்

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: இந்த நூலகத்தைக் கைவிட்டுவிடுங்கள். ஆக்டிவ்ரிசோர்ஸ் ஒரு காலத்தில் ரெயில்ஸின் பகுதியாகவே இருந்தது. 2013-இல் வந்த ரெயில்ஸ் 4.0-இல் அது தனி ஜெம்மாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வலைச்சேவையைத் தரவுத்தள அட்டவணை போலக் காட்டுவது என்ற எண்ணமே இந்த நான்கு சிக்கல்களுக்கும் வேர் என்பது என் கருத்து. பக்கங்கள் மறைகின்றன, இல்லாத பண்பு மெத்தட் பிழையாகிறது, ஒரு பண்பை மாற்ற நினைத்தால் எல்லாம் போகிறது. ரூபியோடு வரும் நெட் எச்டிடிபி என்ற நூலகத்தைக் கொண்டு கெட், போஸ்ட், புட் ஆகிய மூன்று மெத்தட்களை நீங்களே எழுதினால் அறுபது வரிகளுக்கு மேல் ஆகாது. என்ன அனுப்புகிறோம் என்பது ஒவ்வொரு வரியிலும் கண்ணெதிரே இருக்கும்.

9. மணற்கேணி

பனைநிழல் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுவதையும் ஏற்க இயலவில்லை. பக்கங்கள் நகர்ந்த சிக்கல் ஆக்டிவ்ரிசோர்ஸால் வந்தது அல்ல. அறுபது வரியில் கையால் எழுதினாலும், படித்துக்கொண்டே மூடினால் அதே 14 டிக்கெட்டுகள் விடுபட்டிருக்கும். திறந்தவை மட்டுமே வரும் என்பதும் ரெட்மைனின் இயல்பு. நூலகத்தின் மீது உண்மையில் பழி போடக்கூடியவை இரண்டுதான்: மொத்த எண்ணிக்கை எக்ஸ்எம்எல்லில் மறைந்தது, சேவ் எல்லாவற்றையும் அனுப்பியது.

கையால் எழுதும் அறுபது வரி நாளடைவில் அறுபதாகவே இருப்பதில்லை என்பதும் என் அனுபவம். சர்வர் தரும் பிழை எண்களில், ஆக்டிவ்ரிசோர்ஸ் 404 வந்தால் ஒரு எக்செப்ஷன், 401 வந்தால் இன்னொன்று, 403 வந்தால் வேறொன்று என்று பிரித்துத் தருகிறது. அனுப்பிய தரவு செல்லாது என்னும் 422 வந்தால் சேவ் ஃபால்ஸ் என்று திரும்பி, ரெட்மைன் சொன்ன காரணங்களை ‘எரர்ஸ்’ பட்டியலில் வைக்கிறது. பாராமீட்டர்களை முகவரிக்கேற்பக் குறியாக்கம் செய்வதை அதுவே பார்த்துக்கொள்கிறது. ‘அப்டேட்டட்_ஆன்’ வடிகட்டிக்கு ‘பெரியது அல்லது சமம்’ குறியைக் கொடுக்கும்போது கையால் எழுதியவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். நான் செய்வது இரண்டுக்கும் இடைப்பட்டது: படிப்பதற்கு ஆக்டிவ்ரிசோர்ஸ், எழுதுவதற்கு, கருங்கல் காட்டிய முறையை ஒரே மெத்தட்டுக்குள் அடைத்து, நிரலின் வேறு எந்த இடத்திலும் சேவ் என்ற சொல்லே வராதபடி பார்த்துக்கொள்வது.

10. புதுவரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரெட்மைன் நம் சர்வரிலேயே இருக்கும்போது ஏபிஐ எதற்கு? தரவுத்தளத்தில் நேரடியாகப் படித்தால் பக்கம் என்ற பேச்சே இருக்காதே.

11. கருங்கல்

படிப்பதற்கு மட்டும் என்றால் செய்யலாம்; அப்போதும் தனிப்பட்ட டிக்கெட்டுகளை யார் பார்க்கலாம் என்ற அனுமதிக் கணக்கை நீங்களே மீண்டும் எழுதவேண்டியிருக்கும், ரெட்மைனை மேம்படுத்தும்போது அட்டவணைகள் மாறினால் அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளவேண்டும். எழுதுவதற்கு ஒருபோதும் வேண்டாம். அட்டவணையில் நிலையை நேரடியாக மாற்றினால் வரலாற்றுப் பதிவு எதுவும் உருவாகாது, யாருக்கும் அறிவிப்பும் போகாது. டிக்கெட் எப்படி மூடியது என்று பின்னால் யாராலும் சொல்ல இயலாது.

12. மணற்கேணி

எழுதும் பக்கத்தில் இன்னொரு குழி இருக்கிறது. திசைகாட்டி புதிய முறையை ஓடவிடும் முன் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு யார் மாற்றலாம் என்பதை ரெட்மைனில் பணிப்போக்கு அட்டவணை முடிவு செய்கிறது. அது பயனரின் பொறுப்புக்கும் டிக்கெட்டின் வகைக்கும் ஏற்ப மாறும். உங்கள் சாவிக்குரிய பயனருக்கு அந்த மாற்றம் அனுமதிக்கப்படவில்லை என்றால், ரெட்மைன் பிழை எதுவும் சொல்லாது. நீங்கள் அனுப்பிய ‘ஸ்டேட்டஸ்_ஐடி’யை ஓசையில்லாமல் ஒதுக்கிவிட்டு, உடன் வந்த குறிப்பை மட்டும் சேர்த்துக்கொண்டு, 204 என்று வெற்றிக்குறியைத் திருப்பி அனுப்பும். சேவும் ட்ரூ என்றே திரும்பும். டிக்கெட்டில் ‘14 நாட்கள் கடந்ததால் மூடப்படுகிறது’ என்ற குறிப்பு இருக்கும். டிக்கெட்டோ திறந்தே இருக்கும். புதிய குறிப்பு சேர்ந்ததால் கடைசியாகத் தொட்ட நாளும் புதுப்பிக்கப்படும், அடுத்த 14 நாட்களுக்கு உங்கள் நிரல் அதைத் திரும்பிப் பார்க்காது. பிறகு மீண்டும் அதே குறிப்பு. இப்படி ஒரே குறிப்பு ஐந்து முறை சேர்ந்த டிக்கெட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை எழுதிய நிரல் என்னுடையதுதான்.

ஆகவே மூடிய பிறகு அந்த டிக்கெட்டை எண் கொடுத்து மறுபடியும் எடுத்து, நிலை உண்மையில் மாறியதா என்று பாருங்கள். ரெட்மைன் 5.0 முதல், ஒரு தனி டிக்கெட்டைக் கேட்கும்போது ‘இன்க்ளூட்’ பாராமீட்டரில் ‘அலவ்ட்_ஸ்டேட்டஸஸ்’ என்று கொடுத்தால், இந்தப் பயனர் அதை எந்தெந்த நிலைகளுக்கு மாற்றலாம் என்ற பட்டியலே வந்துவிடும். எழுதும் முன்பே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

நிரலுக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, தேவையான திட்டங்களில் மட்டும் அதைச் சேர்த்து, அதன் சாவியைப் பயன்படுத்துங்கள். ஏபிஐ சாவி என்பது அந்தப் பயனரின் முழு அதிகாரமும் கொண்டது. நிர்வாகியின் சாவியை ஒரு நிரலுக்குள் எழுதி வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். ‘எக்ஸ்-ரெட்மைன்-ஏபிஐ-கீ’ என்ற எச்டிடிபி தலைப்பில் சாவியை அனுப்பினால் அது முகவரியோடு சேர்ந்து பதிவேடுகளில் விழாது. மொத்த எண்ணிக்கையும் அந்தப் பயனர் பார்க்கக்கூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கைதான் என்பதால், பயனரை மாற்றினால் 412 என்ற எண்ணும் மாறக்கூடும். அதைக் கண்டு திகைக்கவேண்டாம்.

13. ஒற்றையடி

மூடியவற்றையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன் அல்லவா? அதனால் பக்கங்கள் பெருகிவிடும் என்ற கவலை இருந்தால், கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்டு, உங்களிடம் இருக்கும் நகலைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ‘அப்டேட்டட்_ஆன்’ வடிகட்டி தேதியை மட்டுமின்றி, கடைசியில் இசட் எழுத்திட்ட யூடிசி (உலகப் பொது) நேரத்தையும் ஏற்கிறது. நேரத்தோடு கொடுப்பதே நல்லது. முந்தைய ஓட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து கேளுங்கள், முடிந்த நேரத்திலிருந்து வேண்டாம். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது மாறியவை நழுவிவிடும். இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் சற்று வேறுபடலாம் என்பதால் ஐந்து நிமிடம் பின்னாலிருந்து கேட்பது என் வழக்கம். ஒரே டிக்கெட் இரண்டு முறை வந்தால் கெடுதல் இல்லை, எண்ணைச் சாவியாகக் கொண்ட ஹேஷில் வைத்தால் பின்னது முன்னதை மாற்றிவிடும். அழிக்கப்பட்ட டிக்கெட்டுகள் மட்டும் இந்த வழியில் தெரியவராது. அதற்கு எப்போதாவது ஒரு முறை முழுமையாக எடுத்துத்தான் ஆகவேண்டும்.

14. திசைகாட்டி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று முழு மாற்றத்துடன் ஓடவிட்டேன், கண்டதை எழுதுகிறேன்.

படிக்கும் சுற்றையும் எழுதும் சுற்றையும் பிரித்துவிட்டேன். எழுதுவதற்கு ‘மூடு’ என்று ஒரே மெத்தட், அதற்குள் மூன்று பண்புகள் மட்டும் கொண்ட புதிய பொருள். படிக்கும் சுற்றில் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மொத்தம் ஒன்றாகவே இருந்தது. வந்த டிக்கெட்டுகளின் எண்களில் இரட்டிப்பு எதுவும் இல்லை, கூட்டினால் மொத்தத்தோடு பொருந்துகிறது. சென்ற முறை விடுபட்ட 14 டிக்கெட்டுகளையும் தேடிப் பார்த்தேன், அனைத்தும் அறிக்கையில் இருக்கின்றன.

மூடவேண்டியவை 21 வந்தன. எழுதும் முன் அனுமதிக்கப்பட்ட நிலைகளைக் கேட்டதில், 19-க்கு மூடும் அனுமதி இருந்தது, இரண்டுக்கு இல்லை. அந்த இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. சோதனைக் குழுவினர் மட்டுமே அந்த வகையை மூடலாம் என்று எங்கள் பணிப்போக்கில் வைத்திருக்கிறார்கள். இரண்டின் வரலாற்றையும் திறந்து பார்த்தபோது மணற்கேணி சொன்னதை அப்படியே கண்டேன்: ஒன்றில் என் நிரலின் குறிப்பு மூன்று முறையும் மற்றொன்றில் இரண்டு முறையும் இருந்தது. அந்த வகையை மூடுவதில்லை என்று நிரலில் சேர்த்துவிட்டு, அவற்றைத் தனிப் பட்டியலாகச் சோதனைக் குழுவுக்கு அனுப்பும்படி செய்திருக்கிறேன்.

சக பணியாளரின் விவரணை வரலாற்றில் முழுமையாக இருந்தது. அவர் திருத்திய பதிவும், அதை அடுத்து என் நிரல் பழையதைத் திரும்ப எழுதிய பதிவும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இரண்டுக்கும் இடையே 40 வினாடிகள். அவர் எழுதியதை மீண்டும் சேர்த்துவிட்டு, நடந்ததை அவரிடம் விளக்கிச் சொன்னேன். கடந்த மாதங்களில் வேறு யாருடைய திருத்தமாவது இப்படி அழிந்திருக்கிறதா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் வரலாறு வருவதில்லை என்பதால், என் நிரல் மூடிய ஒவ்வொரு டிக்கெட்டையும் ‘ஜர்னல்ஸ்’ (வரலாற்றுப் பதிவுகள்) சேர்த்துத் தனித்தனியாக எடுத்து, நிலை மாற்றமும் விவரணை மாற்றமும் ஒரே பதிவில் இருக்கும் இடங்களைத் தேடுகிறேன். இதுவரை பார்த்த 160-இல் அப்படி இன்னும் இரண்டு கிடைத்திருக்கின்றன. எழுதியவர்களிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.